இலவங்கம் விடுபட்ட கணக்கு: நீலகிரிச் சோலையும் மேல்மண் மகரந்தமும்

நீலகிரியின் மேல்மலையில் காடு நிற்கும் விதமே வேறு. மலை மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலை திட்டுத்திட்டாக அடர்ந்திருக்கும். அதைச் சுற்றிச் சரிவும் முகடும் புல்லாகவே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே அகன்ற இடைநிலம் கிடையாது. சோலையின் இருட்டில் நிற்பவர் சில எட்டு வைத்தால் திறந்த வெயிலுக்கு வந்துவிடுவார். இந்தப் புல்வெளி மலையின் இயல்பா, அல்லது காட்டை எரித்தும் எருமை மேய்த்தும் மனிதர் உண்டாக்கியதா என்ற வழக்கு பழையது. 1938-இல் சி. ஆர். ரங்கநாதன் உறைபனியைக் காரணம் காட்டினார். குளிர்கால இரவுகளில் திறந்த சரிவில் படியும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, ஆகவே அங்கே புல் இருப்பதுதான் இயற்கை என்பது அவர் கட்சி. அதே காலத்தில் என். எல். போர், தீயும் மேய்ச்சலும்தான் காட்டைப் பின்னுக்குத் தள்ளின என்றார்.

வாய்ப்பேச்சில் தீராத இந்த வழக்குக்குச் சேற்றில் சாட்சி இருந்தது. உதகமண்டலத்துக்கு அருகே சாண்டிநல்லா சதுப்பின் மக்குச் சேறு 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது. அந்தச் சேற்றில் சிக்கிய மகரந்தத்தைப் படித்தால், விவசாயம் மலையேறுவதற்கு முன்பு அங்கே மரம் இருந்ததா புல் இருந்ததா என்று சொல்லிவிடலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நம் கண்முன் நிற்கும் சோலையின் அடியில் விழும் மகரந்தமே அந்தச் சோலையை எவ்வளவு உண்மையாகச் சொல்கிறது என்று பார்க்காமல், பழஞ்சேற்றை எடுத்து வாசிப்பது அகராதி இல்லாமல் அயல்மொழிக் கல்வெட்டைப் படிப்பதற்கு ஒப்பு.

தென்னிந்தியக் காடுகளின் மேல்மண்ணில் மகரந்தம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். வெப்பமண்டலக் காட்டில் சதவீதத்தை மட்டும் நம்பியவர் ஏமாறுவார் என்பது என் கட்சி. எந்த மகரந்தங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன, எவை வரவே மாட்டா என்பதில்தான் செய்தி இருக்கிறது.

வடக்கே பிறந்த முறை

மகரந்தத்தை எண்ணிச் சதவீதமாக்கி வரைபடம் போடும் முறையை 1916-இல் அறிமுகப்படுத்தியவர் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட். அவருக்கு அமைந்த காடு வசதியான காடு. பைன், பர்ச், ஓக் எல்லாம் காற்றில் மகரந்தத்தைக் கொட்டும் மரங்கள், இனங்களும் சொற்பம். ஏரிச் சேற்றில் பைன் மகரந்தம் கூடினால், சுற்றுவட்டாரத்தில் பைன் கூடியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அங்கேயும் எல்லா மரமும் ஒரே அளவில் மகரந்தம் தருவதில்லை என்பதால், 1963-இல் மார்கரெட் டேவிஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரு மரத்தின் மகரந்தப் பங்கை அந்த மரம் காட்டில் வகிக்கும் பங்கால் வகுப்பது. இதுதான் ஆர் மதிப்பு. மதிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த மரம் தன் தகுதிக்கு மீறிச் சத்தம் போடுகிறது. ஒன்றுக்குக் கீழே என்றால் அடக்கி வாசிக்கிறது.

இதை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவந்தால் படுத்துவிடும். மழைக்காட்டில் ஒரு மரத்தின் பங்கு பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூட இராது. அதன் மகரந்தப் பங்கோ பல நேரம் பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் பூஜ்யம்தான்.

இதற்கு அடிப்படையான காரணம் பூக்களின் பழக்கம். வெப்பமண்டல மரங்களில் மிகப் பெரும்பாலானவை தேனீ, வண்டு, அந்துப்பூச்சி, வௌவால், பறவை ஆகியவற்றை நம்பி வாழ்பவை. மகரந்தத்தைக் கொஞ்சமாகத்தான் செய்கின்றன. அதையும் பிசுபிசுப்பாக, விலங்கின் உடம்பில் ஒட்டும்படி செய்கின்றன. காற்றுக்குப் போவது மிச்சம் மீதிதான். இதனால் வெப்பமண்டலத்தில் மகரந்த ஆய்வே வீண் என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அந்த ஐயத்தை வாதம் செய்து தீர்க்க முடியாது. காட்டுத் தரையிலிருந்து மண்ணை அள்ளி, எண்ணிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

மண்ணிலிருந்து தகட்டுக்கு

மாதிரி எடுப்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத வேலை. சோலைக்குள் ஒரு சிறு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கங்கே சருகை விலக்கி, மேல்மண்ணை ஒரு சிட்டிகை வீதம் பல இடங்களில் கிள்ளி, ஒரே பையில் கலக்க வேண்டும். ஒரே இடத்தில் அள்ளினால், தலைக்கு மேல் இருக்கும் ஒரு கிளையின் பூங்கொத்து முழுதாக உதிர்ந்த இடமாக அது அமைந்துவிடலாம். பிறகு காடு முழுக்க அந்த மரம்தான் என்று தகடு, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லு, சாதிக்கும். பாசிமெத்தை கிடைத்தால் மண்ணைவிட நல்லது. அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மகரந்தம் அரிபடாமல் இருக்கும். ஓட்டமான சரிவையும் கறையான் புற்றையும் தவிர்க்க வேண்டும். முதலாவதில் மகரந்தம் கழுவிப் போயிருக்கும். இரண்டாவதில் எந்த ஆழத்து மண் மேலே வந்தது என்றே சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் அந்த மண்ணுக்கு நடப்பது முழுக்க அமிலச் சித்திரவதை. காரக் கரைசலில் காய்ச்சினால் மக்கு கரையும். சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுக்கும். மணலை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைக்கும். அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்க முடியாது, கண்ணாடியையும் தின்றுவிடும். கடைசியில் அசெட்டாலிசிஸ்: ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த கலவை. இதற்கு முன்பு மாதிரியிலிருந்த நீரை அடர் அசெட்டிக் அமிலத்தால் முழுக்க வெளியேற்றியாக வேண்டும். ஒரு சொட்டு தங்கியிருந்தாலும் கலவை பொங்கிச் சீறும். இத்தனைக்கும் தாக்குப்பிடிப்பது மகரந்தத்தின் வெளிச்சுவர் மட்டும். ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆன அந்தச் சுவர், உயிர்ப்பொருள்களில் மிக உறுதியானவற்றுள் ஒன்று. உள்ளே இருந்ததெல்லாம் போய், தேன்நிறக் கூடாக அது மிஞ்சும்.

இடையில் ஒரு தந்திரம் உண்டு. லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துகள், எண்ணிக்கை தெரிந்த அளவில் அடங்கிய மாத்திரையை மண்ணோடு கரைத்துவிடுவார்கள். இறுதித் தகட்டில் அந்த வித்துகள் எத்தனை தென்படுகின்றன என்று பார்த்தால், ஒரு கிராம் மண்ணில் மொத்தம் எவ்வளவு மகரந்தம் இருந்தது என்பதை விகிதக் கணக்கில் அறியலாம். சதவீதம் மட்டும் இருந்தால் புல் கூடியதா, மரம் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே வடிவம்தான்.

நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் புல். ஒரே ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு வளையம், மற்றபடி வழுவழுப்பான உருண்டை. மூங்கில், நெல், முகட்டுப் புல் எல்லாமே இப்படித்தான். அடுத்து முக்கோணமாக, மூன்று மூலையிலும் துளையோடு ஒரு சிறு மகரந்த மணி: நாவல் இனம். அதே முக்கோணம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். இரண்டும் ஒரே குடும்பம். பதினாறு அறைகள் ஒட்டிய பந்தாகக் கிடப்பது சீகை மரம். வாட்டில் என்று ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. நான்கு மணிகள் ஒன்றாக ஒட்டிய கட்டு காட்டுப்பூவரசு. சுவர் முழுக்கக் குண்டூசித் தலைகளாக நெருங்கி நிற்பது ஐலெக்ஸ் என்ற சோலை மரம்; அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

எத்தனை மணிகளை எண்ணுவது என்பதில் சோம்பலுக்கு இடமில்லை. முந்நூறு எண்ணினால் போதும் என்பது குளிர்நாட்டு வழக்கம். ஒரு மரத்தின் பங்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு எண்ணும்போது அது ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போக ஏறத்தாழ 22 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரம் எண்ணினால் அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மழைக்காட்டு மரங்களில் பல இந்த அரை சதவீதக் கூட்டத்தில்தான் இருக்கும் என்பதால், முந்நூறில் நிறுத்தும் தகடு அவற்றில் பலவற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

வராதவர்கள்

சோலைக்குள் நின்று மரங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் இலவங்கக் குடும்பம், அதாவது பட்டை தரும் மரத்தின் குடும்பம், திரும்பத் திரும்ப வரும். காட்டு இலவங்கம், லிட்சியா, நியோலிட்சியா, ஆக்டினோடாஃப்னே என்று வரிசை நீளம். கசக்கினால் மணக்கும் இலைகள், பளபளப்பான முதுகு. சோலையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் குடும்பங்களில் இது முன்வரிசை. ஆனால் அதே சோலையின் மண்ணைத் தகட்டில் ஏற்றினால் இலவங்கக் குடும்பத்தின் மணி ஒன்றுகூட இருக்காது என்றே சொல்லிவிடலாம். அதன் மகரந்தச் சுவர் மிக மெல்லியது; மண்ணிலேயே அழுகிவிடும், அழுகாதது அசெட்டாலிசிஸில் கரைந்துவிடும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் எழுதினவர் பெயர்தான் இருக்கும், வந்து சாப்பிட்டுப் போனவர் பெயர் இருக்காது. மகரந்தக் கணக்கும் அப்படித்தான்.

அத்தியும் ஆலும் இன்னொரு வகை மௌனம். அவற்றின் பூக்கள் மூடிய காய்க்குள் இருக்கின்றன. மகரந்தம் வெளியே வருவது குளவியின் உடம்பில் ஏறித்தான், போய்ச் சேர்வதும் இன்னொரு காய்க்குள்தான். காற்றில் உதிர அதற்கு வழியே இல்லை. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க அத்தி நின்றாலும் மண் வாய் திறக்காது. ஆர்க்கிடுகள் மகரந்தத்தை மூட்டையாகக் கட்டிப் பூச்சியிடம் கொடுத்துவிடுவதால், அவற்றையும் தேட வேண்டியதில்லை.

முழு மௌனத்தைவிடச் சிக்கலானது அரைகுறைப் பேச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான மழைக்காடுகளில் வெள்ளைக் குங்கிலியம் போன்ற டிப்டெரோகார்ப் மரங்கள் விதானத்தை ஆள்கின்றன. மண்ணில் அவற்றின் மகரந்தம் தலைகாட்டும், ஆனால் நிற்கும் கம்பீரத்துக்கு ஈடாக அல்ல. மத்திய இந்தியாவில் இதே குடும்பத்தின் சால் மரக்காடுகளில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். கண்ணுக்கு எட்டிய வரை சால் நின்றாலும் மேல்மண்ணில் சால் மகரந்தம் சொற்பமே. தேக்கும் அப்படித்தான்.

எதிர்ப்பக்கத்தில் கூச்சல்காரர்கள். மல்லோட்டஸ், வட்டக்கண்ணி, ட்ரெமா, செல்டிஸ் முதலியவை காட்டின் ஓரத்திலும் மரம் விழுந்த வெளிச்சத் திட்டிலும் முளைக்கும் மரங்கள். காற்றை நம்பியோ, ஆண் மரம் பெண் மரம் என்று பிரிந்தோ வாழ்வதால் மகரந்தத்தைத் தாராளமாகச் செலவிடுகின்றன. பெரணிகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓடையோரச் சோலையில் மரப்பெரணி ஒன்று நின்றால் அதன் வித்து மட்டும் தகட்டை நிரப்பிவிடும். அதனால்தான் பெரணி வித்துகளை மொத்தக் கூட்டலில் சேர்க்காமல் தனியே எண்ணுகிறார்கள்.

குறிஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புல்வெளியில் மகரந்தப் பொறி (விழும் மகரந்தத்தைப் பிடித்து வைக்கும் கருவி) வைத்தவர், சரிவு முழுக்க நிற்கும் அந்தப் புதரைத் தம் குறிப்பேட்டில் ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டார். மேல்மண் பல ஆண்டுப் பொழிவைச் சேர்த்து வைத்திருப்பதால் இந்த விஷயத்தில் பொறியைவிட நம்பகமானது. அரிமானத்தில் அது தோற்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டுமானால் நான் மண்ணையே எடுப்பேன்.

புதுச்சேரியின் வேலை

தென்னிந்திய மகரந்தத்தை அடையாளம் காண முடிவதற்கே ஒரு முன்வேலை தேவைப்பட்டது. பெயர் தெரிந்த செடியிலிருந்து எடுத்த மகரந்தத்தின் தகடுகள் பெட்டிபெட்டியாக இருந்தால்தான், மண்ணில் கிடைத்த மணி எதுவென்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அந்தத் தொகுப்பு வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் முதல் பெயர் கணபதி தணிகைமணி. உலக அளவில் மதிக்கப்பட்ட மகரந்தவியலாளர். 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்த அவர், அங்கே கொல்லப்பட்டார். அவருக்கு வயது 48. தமிழில் அவரைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். 1994-இல் அதே நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மகரந்தங்களுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் மேல்மண் வேலை சூடுபிடித்தது.

ரேமோந்த் போன்ஃபீயும் அவரோடு பணியாற்றியவர்களும் 1999-இல் தென்னிந்தியா, இலங்கை மலைகளின் மேல்மண் மகரந்தத்தை உயர வரிசையில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அனுபமா, ரமேஷ், போன்ஃபீய் மூவரும் பிலிகிரிரங்கன் மலையையும் அதை ஒட்டிய மேலகிரியையும் எடுத்துக்கொண்டார்கள். முட்புதர், வறண்ட இலையுதிர் காடு, உச்சியில் பசுமைமாறாக் காடு என்று ஒரே மலைத்தொடரில் பல வகை கிடைப்பதால் அந்த இடம் சோதனைக்கு வாகானது. 2003-இல் பார்போனியும் குழுவினரும் பசுமைமாறாக் காடுகளுக்குள்ளேயே மகரந்தம் வேறுபடுகிறதா என்று பார்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில் மழையில்லா மாதங்கள் இரண்டு மூன்றே. வடக்கே போகப்போக அது ஆறு, ஏழு என்று நீள்கிறது. மொத்த மழை ஒன்றாக இருந்தாலும் வறட்சி மாதங்கள் வேறாக இருந்தால் மரங்கள் வேறாகின்றன. வெடிப்பலா கோடை குறுகிய தெற்குக்கே உரியது. களக்காடு முண்டந்துறை மலையில் அது நாங்கு, பாலி மரங்களோடு சேர்ந்து நிற்கும்.

இந்த வேலைகளின் சாரம் இது: தனித்தனி மரத்தைப் பார்த்தால் மண் பொய் சொல்கிறது, கூட்டத்தைப் பார்த்தால் உண்மை சொல்கிறது. மேல்மலைச் சோலையின் மண்ணைத் தாழ்மலைக் காட்டின் மண்ணிலிருந்து பிரிக்க முடிந்தது. இலையுதிர் காட்டையும் பசுமைமாறாக் காட்டையும் பிரிக்க முடிந்தது. மௌனிகளும் கூச்சல்காரர்களும் ஒரே விதமாகத்தான் பிழை செய்கிறார்கள். இலவங்கம் இங்கே மௌனமாக இருந்து அங்கே கத்துவதில்லை. பிழை ஒரே சீராக இருப்பதால் ஒப்பீடு நிற்கிறது.

கூட்டாளிகளைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். மூன்று பிளவுகள், அவற்றின் இடையிடையே மூன்று போலிப் பிளவுகள் என்று அமைந்த ஒரு சிறு மணி உண்டு. மருதின் குடும்பத்திலும் இருக்கிறது, மெலாஸ்டோமா குடும்பத்திலும் இருக்கிறது. நுண்ணோக்கியில் பிரிப்பது கடினம் என்பதால் ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். மேலகிரியின் வறண்ட சரிவில் அது புல்லோடும் வெண்தேக்கோடும் சேர்ந்து வந்தால், வெக்காலியும் மருத இனமும் நிற்கும் இலையுதிர் காடு என்று பொருள். அதே மணி மேல்மலையில் ஐலெக்ஸ், நாவல், காட்டுப்பூவரசு இவற்றோடு வந்தால், சோலை ஓரத்தில் ஊதாப் பூப்பூக்கும் ஆஸ்பெக்கியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணி ஒன்றுதான், யாரோடு வந்தது என்பதை வைத்துப் பொருள் மாறுகிறது. சதவீதப் பட்டியலை மட்டும் கணினியில் போட்டு முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள்.

பனாமாவின் அளவுகோல்

தென்னிந்திய ஆய்வுகளில் ஒரு குறை. மண் எடுத்த இடத்தைச் சுற்றி எந்த மரம் எத்தனை, எவ்வளவு தூரத்தில் என்ற துல்லியக் கணக்கு எல்லா இடத்திலும் இல்லை. அது இருந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பனாமாவின் பாரோ கொலராடோ தீவு காட்டுகிறது. கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது நீர் சூழ்ந்து தீவான குன்று அது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் வரைபடத்தில் குறித்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், ஏறத்தாழ 300 இனங்கள்.

அந்தக் காட்டுக்குள் மார்க் புஷ்ஷும் அவரோடு பணியாற்றியவர்களும் மகரந்தப் பொறிகளை வைத்தார்கள். ஆடம்பரமான கருவி அல்ல; புனலில் வடிதாளும் மேலே இழைப்பஞ்சும் வைத்த எளிய அமைப்பு. மழைநீர் வடிந்துவிடும், மகரந்தம் தங்கிவிடும். மரத்தின் இடம் தெரியும், பொறியின் இடம் தெரியும், ஆகவே மகரந்தம் எவ்வளவு தூரம் வந்தது என்பதை நேரடியாக அளக்கலாம். பெரும்பாலான இனங்களின் மகரந்தம் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே வீழ்ந்துவிடுகிறது என்று தெரியவந்தது. பூச்சியை நம்பும் மரங்கள் முற்றிலும் மௌனம் என்பதும் பொய்த்தது. ஆண் பெண் பிரிந்த மரங்களும், பல மகரந்தத்தாள்களைத் திறந்து வைக்கும் பூக்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பொறியில் விழுந்தன. காற்றா பூச்சியா என்ற ஒற்றைக் கேள்வி போதாது, பூவின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு 2013-இல் வெளியான ஒரு கட்டுரை, பத்தாண்டுப் பொறிக் கணக்கை வைத்து ஆண்டுக்கு ஆண்டு மகரந்தப் பொழிவு எவ்வளவு ஊசலாடுகிறது என்று காட்டியது. ஒரே ஓர் ஆண்டுப் பொறியை வைத்துக் காட்டை எடைபோட்டவர்களுக்கு இது நல்ல குட்டு.

இந்த அளவுகோல் நம் பக்கத்திலும் சாத்தியமே. நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் நிரந்தரத் திடல் இருக்கிறது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேர் திடல் இருக்கிறது. ஒன்று வறண்ட இலையுதிர் காடு, மற்றது டிப்டெரோகார்ப் மரங்கள் ஓங்கிய மழைக்காடு. மரக்கணக்கு என்ற கடினமான பாதி அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சாண்டிநல்லாவுக்குத் திரும்பினால்

இப்போது பழஞ்சேற்றைப் படிக்கலாம். மகரந்த ஆய்வாளர் வசந்தி 1988-இல் சாண்டிநல்லாவின் மகரந்தத்தைப் பகுத்து, மேல்மலைப் புல்வெளியின் வரலாற்றை எழுதினார். 1990-களில் ரா. சுகுமாரும் அவர் குழுவினரும் நீலகிரி மக்குச் சேற்றின் கார்பனைக் கொண்டு, 1993-இல் 20,000 ஆண்டுகளுக்கும் 1997-இல் 40,000 ஆண்டுகளுக்கும் கதையை நீட்டினார்கள். மரமும் வெப்பமண்டலப் புல்லும் கார்பனை வெவ்வேறு விதமாகப் பிடிப்பதால், சேற்றின் கார்பனே எது மேலோங்கியிருந்தது என்று சொல்லிவிடும். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், மலை வறண்டு புல் ஓங்கியிருந்தது. பனியூழி முடிந்து பருவமழை வலுத்தபோது மரங்கள் பரவின. பின்னர் மறுபடி வறட்சி வந்து புல் கை ஓங்கியது. உழவர் மலையேறுவதற்கு வெகு முன்பே அங்கே புல்வெளி இருந்தது என்பதில் ஐயமில்லை. வழக்கின் அந்தப் பாதி ரங்கநாதன் பக்கம்.

ஆனால் மேல்மண்ணில் கற்ற பாடத்தை இங்கே போட்டுப் பார்த்தால் ஒரு முள் தைக்கிறது. சாண்டிநல்லா ஒரு சதுப்பு. அதற்குள்ளேயே கோரையும் புல்லும் வளர்கின்றன. கோரை சதுப்புக்காரன் என்று தெரிந்ததால் அதைக் கூட்டலிலிருந்து நீக்கிவிடலாம். புல்லை நீக்க முடியாது. சதுப்புக்குள் முளைத்த புல்லும் எதிர்ச்சரிவில் அலையும் புல்லும் நுண்ணோக்கியில் ஒரே உருண்டைதான். புல் எழுபது சதவீதம் என்று ஒரு தகடு சொன்னால், மலை முழுக்கப் புல் என்பதா, சேறு எடுத்த குழியைச் சுற்றி மட்டும் புல் என்பதா? கார்பனுக்கும் இதே கேள்வி உண்டு. மக்கியதில் பெரும்பகுதி சதுப்பிலேயே வளர்ந்த செடிதானே.

இங்கேதான் சதவீதத்தைவிடக் கூட்டாளிகள் உதவுகிறார்கள். ஐலெக்ஸ், சிம்ப்ளோகாஸ், யூரியா போன்ற சோலை மரங்கள் பூச்சியை நம்புபவை. அவற்றின் மகரந்தம் வெகுதூரம் போகாது. சதுப்பின் நடுவே இவை சில மணிகளாவது சேர்ந்து கிடைத்தால், சோலை எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். பத்து சதவீதம் புல் கூடியதைவிட இந்த நாலைந்து மணிகளுக்கு எடை அதிகம். காட்டுப்பூவரசு மட்டும் தனியாக வந்தால் அவ்வளவு உற்சாகப்பட வேண்டாம். அது தீயைத் தாங்கிப் புல்வெளியிலும் சோலை விளிம்பிலும் தனித்து நிற்கக்கூடியது. இலவங்கம் இல்லை என்பதைக் கண்டு சோலை இல்லை என்று யாராவது எழுதினால், அவர் இன்றைய சோலையின் மண்ணை எண்ணிப் பார்க்கவில்லை என்று பொருள்.

வழக்கின் மறுபாதியில் என். எல். போரும் முழுக்கத் தோற்கவில்லை. 2007-இல் கானரும் குழுவினரும் சதுப்பை விட்டுவிட்டு, பீடபூமியின் பல இடங்களில் மண்ணின் கார்பனை அளந்தார்கள். நீலகிரி முழுக்க ஒரே கதை அல்ல என்று தெரிந்தது. பருவநிலை மாறியபோது ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக மாறியிருக்கிறது. பனியூழிக் காலத்திலிருந்தே புல்லாக இருந்த இடமும் உண்டு, காடாகி மனிதர் கைப்பட்டுத் திறந்த இடமும் உண்டு. ஒரு சதுப்பிலிருந்து எடுத்த ஒரே சேற்றுத் தூணை மலை முழுமைக்கும் சாட்சியாக நிறுத்தியது பழைய வாதங்களின் பலவீனம். இரு தரப்பும் அதைத்தான் செய்தன.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கும் 24,000 ஆண்டு மகரந்த வரலாறு உண்டு. அங்கே பனியூழியின் கடைசியிலேயே வாற்கோதுமை, ஓட்ஸ் பயிர்களின் அடையாளம் இருந்ததாகச் சொன்னார்கள். பெரிய புல் மணியைத் தானிய மணி என்று கொள்ளும் வழக்கத்தை நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். நம் மலைப் புற்களின் மகரந்த அளவை இனம் இனமாக அளந்த பட்டியல் கைவசம் இருந்தாலொழிய அந்த முடிவு காலூன்றாது.

இன்னொரு தடை இன்றைய மலையே. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கற்பூர மரமும் சீகையும் பைனும் தேயிலையும் நீலகிரியைப் பிடித்துக்கொண்டன. சதுப்பின் மேலடுக்கில் யூகலிப்டஸ் மணி தென்பட்டால் அது ஆங்கிலேயர் வந்த பிறகு படிந்த சேறு என்று தேதி குறிக்க உதவும். அந்த அளவில் லாபம். ஆனால் எந்தச் சோலையின் மண்ணை அகராதியாக வைத்துக்கொள்கிறோமோ, அந்தச் சோலையின் மண்ணிலும் இவை விழுந்து நாவலின் பங்கைக் குலைக்கின்றன. முக்கூர்த்தி போன்ற ஒதுக்குப்புறங்களில், தோட்டங்களிலிருந்து விலகிய சோலைகளின் பாசிமெத்தையைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

புல்லைப் பிரிக்கவும் வழி இருக்கிறது. மகரந்தத்தில் ஒன்றாகத் தெரியும் புற்கள், இலைக்குள் படியும் சிலிக்கா மணிகளில் வேறுபடுகின்றன. குளிரை விரும்பும் புல் குடும்பங்களையும் வெயிலை விரும்பும் குடும்பங்களையும் அந்த மணிகளின் வடிவத்தைக் கொண்டு பிரிக்கலாம். சாண்டிநல்லாவில் மறுபடி துளையிடுபவர், சதுப்புக்குள் இன்று வளரும் புற்களையும் எதிர்ச்சரிவின் புற்களையும் தனித்தனியே பறித்து, அவற்றின் சிலிக்காவை முதலில் தகட்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, பிறகு அதே சேற்றடுக்கில் மகரந்தத்தையும் சிலிக்காவையும் சேர்த்து எண்ணினால், அந்த எழுபது சதவீதப் புல்லில் எவ்வளவு சரிவிலிருந்து வந்தது என்று கேட்க முடியும்.